சரசுவுக்கு, கிளாஸ்கோவிலிருந்து

அன்புள்ள சரசுவுக்கு,

உன் கடிதம் வந்தது. முட்டி வலிக்கு எண்ணெய் தேய்க்கிறாய், சரி. அதோடு தையல் மிஷினில் உட்காருவதையும் கொஞ்சம் குறைத்தால் என்னடி? சின்னவனுக்குப் பார்த்த இடம் தகைந்தால், தேதி குறிப்பதற்கு முன்னாலேயே சொல்லிவிடு. நான் டிக்கெட் போட வேண்டும்.

"பேத்திக்குப் பழைய துணியிலா தைத்துப் போடுகிறாய், மாப்பிள்ளைக்கு அவ்வளவு கஷ்டமா?" என்று கேட்டிருந்தாய். உன் மூத்தவன் பிறந்தபோது உன் மாமனாரின் பழைய வேட்டியைக் கிழித்துத்தானே சுற்றினோம்? பேர் வைக்கிற வரைக்கும் புதுத்துணி கண்ணில் காட்டக் கூடாது என்று உன் மாமியார் என்ன ஆட்டம் ஆடினார்! இங்கே துணிக்குப் பஞ்சமே இல்லை. 2017-லிருந்து ஸ்காட்லாந்தில் பிறக்கிற குழந்தைகளுக்கு அரசாங்கமே ஒரு பெரிய பெட்டி கொடுக்கிறது. உடுப்பு, போர்வை, தெர்மாமீட்டர் எல்லாம் அதில் இருக்கும். அந்தப் பெட்டிக்குள்ளேயே மெத்தை போட்டுப் பிள்ளையைப் படுக்க வைக்கலாம். ஆனால் கம்பளி விஷயத்தில் புதுசைவிடப் பழசுதான் எனக்குப் பிடித்திருக்கிறது. ஏன் என்று சொல்கிறேன், தொழில் தெரிந்தவள் நீ.

இங்கே தொண்டு நிறுவனங்கள் நடத்தும் பழைய துணிக் கடைகள் நிறைய. ஆட்டுக்குட்டிக் கம்பளி ஸ்வெட்டர் நாலைந்து பவுண்டுக்குக் கிடைக்கும். எடுத்ததும் லேபிளைத்தான் பார்ப்பேன். மிஷினில் துவைக்கலாம் என்று போட்டிருந்தால் வைத்துவிடுவேன். அது சுருங்காமலிருக்க மருந்து போட்ட கம்பளி, எனக்கு உதவாது. 'கையால் மட்டும் துவைக்கவும்' என்று எழுதியிருக்கிறதே, அதுதான் எனக்கு வேண்டும். அதைக் கொண்டுவந்து, வேண்டுமென்றே மிஷினில் 60 டிகிரி சுடுநீரில் சோப்பு போட்டு ஓட விடுவேன். கம்பளி இழையின் மேல் பொடிப் பொடியாகச் செதில் உண்டு. சூட்டிலும் அலசலிலும் அவை ஒன்றோடொன்று மாட்டிக்கொண்டு திரும்ப விடுவதே இல்லை. மாப்பிள்ளை போடுகிற அளவில் உள்ளே போனது, பத்து வயசுப் பையன் அளவில் வெளியே வரும். பின்னல் கண்ணே தெரியாது, தடியாக மெத்தென்று இருக்கும்.

அதைக் கத்தரித்துப் பார்க்க வேண்டும் நீ. நாம் பனியன் துணியை வெட்டினால் ஓரம் சுருண்டுகொள்ளுமே, கண்ணி விட்டு ஓடுமே, அந்தத் தொல்லையே கிடையாது. வெட்டியது வெட்டினபடி நிற்கும். ஓவர்லாக் வேண்டாம், மடித்துத் தைக்க வேண்டாம். மகளின் சின்ன மிஷினில் ஜிக்ஜாக் போட்டே எல்லாம் முடிகிறது. ஸ்வெட்டரின் இரண்டு கையும் பாப்பாவுக்கு இரண்டு கால். மணிக்கட்டில் இழுபடுகிற ரிப் பட்டை அப்படியே கணுக்காலுக்கு வந்துவிடும். கீழ் ரிப்பை இடுப்புப் பட்டைக்கு வைத்து, தொடைக்கு நடுவில் ஒரு சாய்சதுரத் துண்டு கொடுத்தால் பேண்ட் தயார். பொத்தானை மட்டும் ஒன்றுவிடாமல் அறுத்து எடுத்துவிடுவேன், பிய்த்து வாயில் போட்டுக்கொண்டால் என்னாவது?

இதை வெறும் பேண்டாகப் போடுவதில்லை. உள்ளே பருத்தித் துணி கட்டி, மேலே இதை மாட்டினால் ஈரம் சட்டென்று வெளியே வராது. கம்பளி தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு வரைக்கும் ஈரத்தை வாங்கிக்கொண்டும் தொட்டால் காய்ந்த மாதிரியே இருக்குமாம். ஆட்டு ரோமத்திலிருந்து எடுக்கிற மெழுகு ஒன்று விற்கிறார்கள், லேனலின் என்று. பால் கொடுக்கிற பெண்களுக்கு முலைக்காம்பு வெடிப்புக்குத் தடவக் கொடுக்கிறார்களே, அதேதான். அதைச் சுடுநீரில் துளி சோப்போடு கரைத்து, ஆறியதும் இந்தப் பேண்டை ஊறவைத்து, பிழியாமல் அமுக்கி, விரித்துக் காயப்போட வேண்டும். மூத்திரம் மட்டும் என்றால் காற்றாட உலர்த்தினாலே போதும், நாற்றம் வராது. நானும் முதலில் நம்பவில்லை.

மிச்சத் துண்டில் குல்லா தைத்தேன். வீட்டுக்கு வந்து பார்க்கிற நர்ஸ், தூங்கும்போது தலையில் குல்லாவே கூடாது, அறை 16 முதல் 20 டிகிரி இருந்தால் போதும் என்கிறாள். பிள்ளைக்குச் சூடு அதிகமானால் தலை வழியாகத்தான் வெளியேறுமாம். காதை மூடாமல் பிள்ளையைப் படுக்க வைக்க எனக்கு இன்னும் மனசு வரவில்லை, ஆனாலும் கேட்டுக்கொள்கிறேன். குல்லா இப்போது வெளியே போகும்போது மட்டும்.

மேலைநாட்டுப் பழைய கம்பளித் துணி எவ்வளவோ பானிபட்டுக்குக் கப்பலேறுகிறது, தெரியுமா? கிழித்துப் பஞ்சாக்கித் திரும்ப நூற்றுப் போர்வை நெய்கிறார்கள், நம் பக்கம் பனியன் கட்டிங் வேஸ்டைக் கழிவுப் பஞ்சில் நூல் நூற்கிற ஓ.இ. மில்லில் போடுவது போல. இந்த வித்தை 1813-லேயே இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் பாட்லி என்ற ஊரில் தொடங்கியது. ஆனால் பஞ்சாக்கும்போது இழை அறுந்து குட்டையாகிவிடும், போர்வை சொரசொரக்கும். சுருக்கி வெட்டுகிற என் வழியில் இழை அப்படியே இருக்கிறது.

அப்புறம், உன் வீட்டுக்காரர் ஊட்டியில் வாங்கிய பச்சை ஸ்வெட்டர் பரணில்தானே கிடக்கிறது? அதில் ஒரு நூலை உருவித் தீக்குச்சியைக் காட்டு. முடி பொசுங்கும் நாற்றம் வந்து சாம்பல் பொடிந்தால் கம்பளி, வருகிறவர்கள் யாரிடமாவது கொடுத்துவிடு. உருகிக் கெட்டியாக உருண்டால் அக்ரிலிக், நீயே வைத்துக்கொள். பழைய வேட்டி இருந்தால் அதையும் துவைத்து அனுப்பு, இங்கே அந்த மாதிரி மெல்லிசான பருத்தி கிடைப்பதில்லை.

அன்புடன்,
கமலா