விடுமுறையில் தொண்டைக்கும் ஓய்வு வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

குமரி மாவட்டத்தில் அரையாண்டு விடுமுறை கிறிஸ்துமஸோடு சேர்ந்தே வருகிறது. வெள்ளையடிப்பு, பலகாரம், விருந்தாட்கள் என்று நாட்கள் ஓடிவிட, விடைத்தாள் கட்டு மேசையில் அப்படியே கிடக்கும். பள்ளி திறப்பதற்கு முந்தைய இரவு அதைப் பிரிக்கும் ஆசிரியருக்கு விடுமுறை முழுவதுமே வீண். அத்தனை நாளும் அந்தக் கட்டு மனதை உறுத்திக்கொண்டே இருந்திருக்கும்.

ஐந்து வகுப்பு, வகுப்புக்கு 40 பேர் என்றால் 200 தாள். தாளுக்கு 6 நிமிடம் வைத்தாலே 20 மணி நேரம். தேர்வு நடந்த அன்றே அந்த வகுப்பின் தாள்களைத் தொடங்கிவிட்டால் பாதி அங்கேயே முடியும். மீதியை விடுமுறையின் முதல் மூன்று காலைகளில், மூன்றரை மணி நேரம் வீதம் முடித்துவிடலாம். ஒரு தாளை முழுதாகத் திருத்துவதைவிட, எல்லாத் தாள்களிலும் ஒரே வினாவை வரிசையாகத் திருத்துவது வேகம். மதிப்பெண்ணும் ஆளுக்கு ஆள் மாறாது. கூட்டலை மட்டும் மறுநாள் காலைக்கு வையுங்கள். களைத்த கண்ணுக்குத்தான் கூட்டல் பிழை வரும்.

அடுத்தது தொண்டை. மின்விசிறி இரைச்சலுக்கும் பக்கத்து வகுப்புச் சத்தத்துக்கும் மேலே நாள் முழுக்கப் பேசுவதால் குரல்நாண்கள் வீங்குகின்றன. குரல் கம்மியதும் பலர் குசுகுசுவென்று பேசுகிறார்கள். அதுவும் குரல்நாணுக்குச் சுமைதான். அடிக்கடி செருமுவதும் அப்படியே. செருமல் வரும்போது ஒரு வாய் தண்ணீர் விழுங்கினால் போதும். பள்ளியில் கழிப்பறை வசதி போதாமல் தண்ணீரைக் குறைத்துப் பழகிய ஆசிரியைகள் விடுமுறையிலும் அப்படியே இருந்துவிடுகிறார்கள். இது எனக்குப் பெரிய கவலை. நாளொன்றுக்கு இரண்டு லிட்டருக்குக் குறையாமல் குடிக்க வேண்டும். காலையில் இரண்டு மணி நேரமாவது பேசாமல் இருக்கலாம். மூன்று வாரத்துக்கு மேலும் கம்மல் நீடித்தால் சுக்குக் காப்பியை நம்பிக் காத்திராமல் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள்.

நின்று நின்று கனத்த கால்களுக்கு, மாலையில் தலையணை அடுக்கி நெஞ்சு மட்டத்துக்கு மேலே 15 நிமிடம் உயர்த்திப் படுத்தாலே வித்தியாசம் தெரியும்.

வெளியே போவதானால் திற்பரப்பு அருவியின் விடுமுறைக் கூட்டம் ஓய்வு தராது. சிதறால் மலைப்பாதையில் வெயில் ஏறும்முன் நடப்பது மேல். கோடையில் கடற்கரைக்குப் போனால், திடீரெனப் பொங்கி எழும் அலையான கள்ளக்கடலுக்கு எச்சரிக்கை இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

தலைமையாசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். எமிஸ் என்னும் பள்ளித் தகவல் இணையதளத்துக்கான பதிவு கேட்டு வாட்ஸ்அப் குழுவில் தினமும் தகவல் போடாமல், வாரத்தில் ஒரே நாளை ஒதுக்கி, அன்று மட்டும் கேளுங்கள். உண்மையான அவசரத்துக்குத் தொலைபேசி இருக்கிறது.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியை,
தக்கலை.