ஹெரால்டு காரின் பானெட் வேலை குறித்த புகார்

அனுப்புநர்:
லேத்துப் பட்டறை உரிமையாளர்,
கோபிசெட்டிபாளையம், ஈரோடு மாவட்டம்.

பெறுநர்:
மேலாளர் அவர்கள்,
பழைய கார் புதுப்பிக்கும் பிரிவு,
கோயம்புத்தூர்.

பொருள்: 1970 மாடல் ஸ்டாண்டர்டு ஹெரால்டு காருக்குக் கையால் அடித்துத் தருவதாகச் சொன்ன பானெட்டில் உள்ள குறைகள், மறுபடி செய்து தரக் கோருதல்.

ஐயா,

வணக்கம். எங்கள் அப்பா வாங்கிய ஹெரால்டு காரை உங்களிடம் வேலைக்கு விட்டு, போன மாதம் எடுத்து வந்தோம். தூரத்தில் நின்று பார்த்தால் வண்டி கண்ணைப் பறிக்கிறது. கிட்டப் போனால்தான் வயிறு எரிகிறது.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். வண்டியின் தரைத் தகடு முழுக்கப் புதிதாக அடித்திருக்கிறீர்கள். அந்த வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது. கரூரில் பஸ் பாடி கட்டிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் செய்தார் என்று கேள்வி. மணல் மூட்டையின் மேல் தகட்டை வைத்து, கொட்டாப்புளி என்கிற மரச் சுத்தியலால் அவர் தட்டியதை நானே நின்று பார்த்தேன். தகடு அதிராமல் இருக்க வரிவரியாக நெளி எடுத்து, பழைய ஓட்டைக்கு நேராகப் புது ஓட்டை வைத்து, சீட்டு போல்ட் எல்லாம் கையாலேயே திருகி இறங்குகிற மாதிரி செய்திருக்கிறார். வாகை மரத்தில் நான் கேட்டபடி செய்த டேஷ்போர்டும் அருமை. ஆகவே உங்கள் ஷெட்டில் வேலை தெரிந்த கை இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. அந்தக் கை பானெட்டின் மேல் படவில்லை என்பதுதான் என் புகார்.

ஹெரால்டைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இருந்தாலும் இந்தக் கடிதத்தை நாளைக்கு வேறு யாராவது படிக்க நேரலாம் என்பதால் எழுதுகிறேன். 1959இல் இங்கிலாந்தில் டிரையம்ப் ஹெரால்டு என்ற பெயரில் வந்த இந்த வண்டியை வரைந்தவர் இத்தாலிக்காரர் மிக்கலோட்டி. பிறகு மெட்ராஸில் ஸ்டாண்டர்டு கம்பெனி செய்து விற்றது. மற்ற கார் மாதிரி பானெட் தனி, மட்கார்டு தனி என்று இதில் கிடையாது. இரண்டு மட்கார்டும் மேல் மூடியும் ஒரே கூடாகச் சேர்ந்து, மூக்குப் பக்கம் கீல் வைத்து, மொத்தமாக முன்னால் சாய்ந்து திறக்கும். மூடினால் இரண்டு பக்கமும் கொக்கி போட்டுப் பூட்ட வேண்டும். அதனால் ஒரு மூலையில் கால் அங்குலம் தப்பினாலும் அது கதவு ஓரத்தில் வந்து காட்டிக்கொடுத்துவிடும். வண்டி உற்பத்தி நின்று அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகிறது. கடையில் போய் ஒரு பானெட் கொடுங்கள் என்று வாங்க முடியாது. அதனால்தானே கையில் அடிப்பவர்களைத் தேடி உங்களிடம் வந்தோம்?

உங்கள் கொட்டேஷனில் எழுதியிருப்பது இது: மரத்தில் பேட்டர்ன் (பானெட் வடிவத்து மாதிரி அச்சு) செய்து, அதன் மேல் 18 கேஜ் தடிமன் உள்ள இரும்புத் தகட்டைக் கையால் அடித்துப் பொருத்துவது. பானெட்டுக்கு மட்டும் பேட்டர்ன் செலவு 35,000 ரூபாய், தகடும் கூலியும் 1,60,000 ரூபாய். பேரம் பேசாமல் கொடுத்தேன். நானும் இரும்போடு பிழைக்கிறவன்தான், கைவேலைக்குக் கூலி குறைத்துக் கேட்பது எனக்குப் பிடிக்காது.

இப்போது வந்திருப்பதைச் சொல்கிறேன். வலது பக்க ஹெட்லைட்டுக்கு மேலே புருவம் மாதிரி ஒரு மடிப்பு வரும். அந்த இடத்தில் பெயின்ட் மயிரிழையாக விரிய ஆரம்பித்தது. பழைய ஸ்பீக்கரிலிருந்து எடுத்த காந்தத்தைத் துணியில் சுற்றி வைத்துப் பார்த்தேன். மேல் மூடியில் கப்பென்று பிடித்தது. மட்கார்டு வளைவில் சறுக்கியது. புருவத்தில் வைத்ததும் கீழே விழுந்துவிட்டது. இங்கே எங்கள் பெயின்டர் ஒரு ஓரமாகச் சுரண்டிக் காட்டினார். பெயின்ட்டுக்கு அடியில் ரோஸ் நிறப் பட்டி (பள்ளம் நிரப்பப் பூசும் பசை) விரல் தடிமனுக்கு இருக்கிறது. அதற்கும் அடியில் ஃபைபர் மேட், அதாவது கண்ணாடி இழைத் துணி. தகடு எங்கேங்க? பட்டி என்பது சுத்தியல் தடம் தெரியாமல் இருக்க மேலாக இழுத்து விடுவது. அதை வைத்தே வடிவம் கட்டினால் வெயிலுக்கும் வண்டி அதிர்வுக்கும் வெடிக்கத்தான் செய்யும்.

தகடு இருக்கிற இடமும் சரியில்லை. மூடியின் நடுவில் கையை வைத்து அமுக்கினால் எண்ணெய் டின் மாதிரி டப் டப்பென்று உள்ளே போய் வெளியே வருகிறது. இடம் விட்டு இடம் வெல்டிங் பொட்டு வைத்து, ஆறவிட்டு, அப்புறம் மீதியை இணைக்காமல், ஒரே ஓட்டமாக வெல்டிங் இழுத்தால் சூட்டில் தகடு இப்படித்தான் தளர்ந்துபோகும்.

இடது பக்கம் பானெட்டுக்கும் கதவுக்கும் நடுவே ஹாக்ஸா பிளேடு நுழையவில்லை, கதவைத் திறந்தால் பெயின்ட் உரசுகிறது. வலது பக்கம் சுண்டுவிரல் நுழைகிறது. இந்த வண்டியில் மூக்குக் கீலை போல்ட்டைத் தளர்த்தி முன்பின்னாக, மேல்கீழாக நகர்த்தி இடைவெளியைச் சரிசெய்து கொள்ளலாம். நீங்களோ கீலையே வெல்டு வைத்து ஒட்டிவிட்டீர்கள். இனி நகர்த்த வழியில்லை, அறுத்துத்தான் எடுக்க வேண்டும். அறுத்தால் முன்பக்கச் சட்டத்தில் கை வைக்க வேண்டும். சேசிஸில், அதாவது வண்டியின் அடிச்சட்டத்தில், வெட்டு, வெல்டு எதுவும் கூடாது என்று ஆர்டரிலேயே எழுதிக் கொடுத்திருந்தேன். காரணமும் சொல்லியிருந்தேன். 2021 ஜூலையில் வந்த மத்திய அரசு விதிப்படி, 50 வருடம் கடந்த வண்டி சேசிஸ், பாடி, எஞ்சினில் பெரிய மாற்றம் இல்லாமல் அசல் வடிவில் இருந்தால் வின்டேஜ் என்று பதிவு செய்து, பழைய நம்பரையே வைத்துக்கொள்ளலாம். அப்பா ஓட்டிய நம்பர் அது. அதற்கு விண்ணப்பிக்கத்தான் இத்தனை செலவும்.

இதையெல்லாம் போனில் சொன்னபோது உங்கள் சூப்பர்வைசர் தம்பி மரியாதையாகத்தான் பேசினார். "கையில செஞ்சா அப்படி இப்படித்தானுங்ணா இருக்கும், கம்பெனி பீஸ் மாதிரி வருமுங்களா?" என்றார். எனக்கு மற்றதை எல்லாம் விட இந்தப் பதில்தான் பொறுக்கவில்லை. அச்சில் அழுத்தி எடுக்கிற கம்பெனி பீஸ், வரிசையில் வருகிற அத்தனை வண்டிக்கும் பொருந்த வேண்டும். அதனால் அதற்குக் கொஞ்சம் முன்பின் விட்டுத்தான் செய்வார்கள். கையில் அடிக்கிறவருக்கு எதிரில் நிற்பது ஒரே ஒரு வண்டி. வைத்துப் பார்த்து, எடுத்துத் தட்டி, மறுபடி வைத்துப் பார்த்து, அந்த ஒரு வண்டிக்கென்றே பொருத்தலாம். அதற்குத்தானே மணிக்கணக்கில் கூலி? கைவேலை என்று சொல்லி அதிகம் வாங்கிக்கொள்வதும், கோணல் வந்தால் கைவேலை என்று சொல்லித் தப்பிப்பதும் இரண்டும் ஒன்றாக நடக்கக் கூடாது. உங்கள் ஷெட்டிலேயே அந்தத் தரைத் தகட்டை அடித்த பெரியவரிடம் இந்தப் பதிலைச் சொல்லிப் பாருங்கள்.

அடுத்து பேட்டர்ன். காசு கொடுத்த பொருளைக் கண்ணால் பார்க்கவில்லை. கேட்டால் "எங்கியோ இருக்குதுங்க" என்கிறார்கள். வார்ப்பட ஆலைகளுக்கு மர பேட்டர்ன் செய்கிறவர்கள் கோயம்புத்தூரில் எத்தனையோ பேர் இருக்கிறார்கள், செய்திருந்தால் செய்தவரை எனக்குக் காட்டலாம். எங்கள் பழைய பானெட்டும் திரும்பி வரவில்லை. கீழ் விளிம்பு துருப்பிடித்திருந்தாலும் அந்தப் புருவமும் வளைவும் அதில் முழுசாக இருந்தன. புதிது அடிக்க அளவுக்கு வேண்டும் என்று நீங்கள்தான் கேட்டு வாங்கினீர்கள். அதைப் பழைய இரும்புக்குப் போட்டிருந்தால் இப்போதே எழுத்தில் சொல்லிவிடுங்கள்.

நான் கேட்பது இதுதான். பானெட்டை ஒப்புக்கொண்டபடி 18 கேஜ் தகட்டில் முழுதாகப் புதிதாக அடித்துத் தர வேண்டும். முடிந்தால் அந்தப் பெரியவர் கையாலேயே. பெயின்ட் அடிக்கும் முன், வெறும் தகடாக வண்டியில் பொருத்தி எனக்குக் காட்ட வேண்டும். கீலை மறுபடி போல்ட்டில் நிற்கும்படி, சட்டத்துக்குச் சேதம் இல்லாமல் மாற்ற வேண்டும். பழைய பானெட்டும் பேட்டர்னும் என் கைக்கு வர வேண்டும். பேட்டர்ன் செய்யவே இல்லை என்றால் 35,000 ரூபாயைத் திருப்பிக் கொடுங்கள். புதிதாக அடிக்க முடியாது என்றால் பானெட்டுக்கு வாங்கிய தொகை மொத்தத்தையும் கொடுத்துவிடுங்கள், நான் வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறேன்.

இந்தக் கடிதம் கிடைத்த 15 நாளுக்குள் எழுத்து மூலம் பதில் வேண்டும். வராவிட்டால் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி ஈரோடு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனுக் கொடுப்பேன். நான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே கொடுக்கலாம் என்பதால் கோயம்புத்தூருக்கு அலைய வேண்டியதும் இல்லை. கொட்டேஷன், பில், ஆர்டர் நகல்களும், காந்தம் வைத்தபோதும் சுரண்டியபோதும் எடுத்த படங்களும் இத்துடன் உள்ளன.

வண்டியை மறுபடி வேலைக்கு எடுப்பதானால் உங்கள் செலவில் லாரி அனுப்பி ஏற்றிக்கொண்டு போங்கள். கதவு உரசுகிற நிலையில் நான் ஓட்டி வர மாட்டேன். வரும் முன் ஒரு போன் செய்தால், ஞாயிறு தவிர எந்த நாளும் பட்டறையில் இருப்பேன்.

இப்படிக்கு,
வண்டி உரிமையாளர்