மூக்கோரப் பள்ளத்துக்கு ஃபில்லர்: கொஞ்சம் பொறுங்கள் அக்கா

அன்புள்ள அக்கா,

மூக்கோரத்தில் இருந்த பேசல் செல் கார்சினோமா என்ற தோல் கான்சரை மோஸ் சர்ஜரியில் (அடுக்கடுக்காக வெட்டி மைக்ராஸ்கோப்பில் பார்த்து எடுக்கும் முறை) எடுத்து, விளிம்பு சுத்தம், அதாவது ஓரத்தில் கான்சர் மிச்சமில்லை என்றும் சொல்லிவிட்டார்கள். பெரிய நிம்மதி. நம் நிறத்தவர்களுக்கு இது அரிதுதான், ஆனால் குயின்ஸ்லாந்து வெயில் யாரை விட்டது? சரி, நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். ஜூலையில் மகளின் பட்டமளிப்புக்குள் ஆபரேஷன் செய்த இடத்தில் விழுந்த பள்ளத்தை ஃபில்லரால், அதாவது தோலுக்கடியில் ஊசியால் போடும் ஜெல்லால், நிரப்பிவிடலாமா?

வேண்டாம் அக்கா. மேலே ஆறிவிட்டாலும் உள்ளே தழும்பு ஒரு வருடம் வரை மாறிக்கொண்டே இருக்கும். இன்றைய பள்ளம் தானாகவே மேடேறலாம், ஒரு பக்கமாக இழுத்தும் கொள்ளலாம்.

எனக்கு அதைவிடப் பயம் ரத்தக் குழாய்களை நினைத்துத்தான். முகத்தில் ஃபில்லருக்கு ஆபத்தான இடங்களில் மூக்கும் ஒன்று. அங்குள்ள குழாய்களுக்கும் கண்ணுக்குப் போகும் குழாய்க்கும் தொடர்பு உண்டு. ஜெல் தவறி உள்ளே போனால் தோல் அழுகும், மிக அரிதாகப் பார்வையே போகும். உங்களுக்கோ கன்னத்துத் தோலை நகர்த்தி ஃபிளாப் வைத்துத் தைத்திருக்கிறார்கள். குழாய்கள் பழைய வழியில் ஓடவில்லை. எங்கே வெட்டினார்கள், எதை நகர்த்தினார்கள் என்பது உங்கள் சர்ஜனுக்குத்தான் தெரியும், அழகு கிளினிக்கில் ஊசி போடுபவருக்கு எப்படித் தெரியும்?

இன்னொன்று. ஃபில்லர் கான்சரைத் திரும்பக் கொண்டுவரும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அது திரும்பினால் பெரும்பாலும் அதே தழும்பையொட்டிச் சின்னக் கட்டியாகவோ ஆறாத புண்ணாகவோதான் தலைகாட்டும். ஃபில்லரும் சில சமயம் கட்டிபோல் திரளும். அப்புறம் எது எதுவென்று தெரியாமல் துளி சதை எடுத்துச் சோதிக்கும் பயாப்ஸிக்கு மறுபடி போய் நிற்க வேண்டும்.

பல டாக்டர்கள் ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை பொறுக்கச் சொல்வார்கள். ரேடியேஷனும் கொடுத்திருந்தால் இன்னும் தள்ளும். காலம் வந்தபின் போட்டாலும் ஹயலுரானிக் அமில வகையையே கேளுங்கள். ஏதாவது ஆனால் ஹயலுரானிடேஸ் ஊசியால் கரைத்துவிடலாம். நிரந்தர ஃபில்லர் பக்கமே போகாதீர்கள். ஆபரேஷன் குறிப்பின் நகலையும் கையோடு எடுத்துப் போங்கள்.

அதுவரை சன்ஸ்கிரீன், சிலிக்கான் ஜெல், டாக்டர் சரி என்ற பிறகு மெல்லிய மசாஜ். ஃபோட்டோவுக்குக் கன்சீலர் போதும், மகள் நன்றாகவே போட்டுவிடுவாள். அடுத்த செக்கப்பில் சர்ஜனிடம், "எந்த மாதத்துக்கு அப்புறம் போடலாம்?" என்று நேராகவே கேட்டுவிட்டு எனக்கும் சொல்லுங்கள்.

அன்புடன்,
தம்பி