கல்லீரல் வாசலில் ஒரு அடைப்பு

அன்புள்ள பாப்பாவுக்கு,

கேஸ்ட்ரோ வார்டில் போஸ்டிங் என்றாய். அங்கே வரும் மஞ்சள் காமாலையில் பெரும்பாலானதை நீயே பார்த்துக்கொள்வாய். கிளாட்ஸ்கின் கட்டி பற்றி மட்டும் எழுதுகிறேன். அபூர்வம்தான், ஆனால் அவசரப்பட்டால் காரியம் கெட்டுவிடும்.

கல்லீரலின் வலது, இடது பித்தநாளங்கள் ஒன்றுசேரும் இடத்தில் வரும் புற்றுநோய் இது. யேல் பல்கலைக்கழகத்தின் ஜெரால்டு கிளாட்ஸ்கின் 1965இல் 13 நோயாளிகளை வைத்து விவரித்தார். கட்டி என்றதும் பெரிய உருண்டையைத் தேடாதே. பெரும்பாலும் தழும்பு போல நாளச்சுவரை ஒட்டியே பரவி இறுக்கும். அல்ட்ராசவுண்டில் கண்ணில் படாமலே போகலாம். விளைவைப் பார்: கல்லீரலுக்குள் நாளங்கள் விரிந்திருக்கும், பொதுப் பித்தநாளம் சாதாரண அகலம், பித்தப்பை சுருங்கிக் கிடக்கும். வயிற்றில் பித்தப்பை கைக்குத் தட்டுப்பட்டால் அடைப்பு அநேகமாக இன்னும் கீழே.

பொதுவாக வலி இருக்காது. அதனாலேயே கீழாநெல்லி, பத்தியம் என்று சில வாரங்களைக் கழித்துவிட்டு வருவார்கள். மலம் வெளுத்ததா, சிறுநீர் கறுத்ததா, எடை இறங்கியதா என்று கேள். சட்டையைக் கழற்றச் சொல்லி முதுகையும் பார். கை எட்டிய இடமெல்லாம் சொறிந்த கீறல் இருக்கும். தோள்பட்டைகளுக்கு நடுவே, எட்டாத இடத்தில் மட்டும் தோல் பழுதில்லாமல் இருக்கும். ஒரு பக்க நாளம் மட்டும் அடைத்தால் காமாலையே வராது. பித்த அடைப்பைக் காட்டும் ரத்த நொதியான அல்கலைன் பாஸ்படேஸ் ஏறும், அந்தப் பக்கக் கல்லீரல் மெல்லச் சுருங்கும், மறுபக்கம் பெருக்கும்.

ரத்தத்தில் புற்றுக் குறியீடான சி.ஏ. 19-9 ஏறியிருந்தால் உடனே முடிவுகட்டாதே. அடைப்பும் சீழும் தனியாகவே அதை ஏற்றும். லூயிஸ் ஆன்டிஜென் என்ற ரத்த வகைக் கூறு பிறவியிலேயே இல்லாதவர்களுக்கோ புற்று இருந்தாலும் ஏறாது.

முக்கியமானது இனிமேல்தான். ரத்தத்தில் மஞ்சள் நிறமியான பிலிருபின் 18 என்று பார்த்ததும், பித்தம் வடிய நாளத்தில் ஸ்டென்ட் குழாய் வைக்கக் கை பரபரக்கும். பொறு. முதலில் சி.டி., பித்தநாளங்களைக் காட்டும் எம்.ஆர்.ஐ. படமான எம்.ஆர்.சி.பி. ஸ்டென்ட் வைத்த பிறகு நாளச்சுவர் அழற்சியில் தடித்துவிடும். கட்டி எதுவரை போயிருக்கிறது என்று யாராலும் சரியாகச் சொல்ல முடியாது. கட்டி எந்தெந்த நாளங்களுக்குப் பரவியது என்பதைச் சொல்லும் பிஸ்மத் வகை இரண்டா, மூன்றா, நான்கா என்பதை வைத்துத்தான் அறுவையே. வாய் வழியாக எண்டோஸ்கோப் விட்டுப் பித்தநாளத்தில் சாயம் ஏற்றும் ஈ.ஆர்.சி.பி.யில், சாயம் ஏறிய பகுதியை வடிக்க முடியாமல் போனால் அங்கே சீழ் பிடிக்கும். அறுவைக்குப் பிறகு எஞ்சப்போகும் பக்கத்தையே வடிக்க வேண்டும், அது எந்தப் பக்கம் என்று சர்ஜன் சொல்லட்டும். காய்ச்சலும் நடுக்கமும் வந்தால் மட்டும் காத்திருக்காதே: ஆன்டிபயாடிக், உடனே வடிப்பு. ரத்தம் உறையத் தாமதமாவதைக் காட்டும் ஐ.என்.ஆர். ஏறியிருந்தால் வைட்டமின் கே.

வயிற்றின் வழியாகக் கட்டியில் ஊசி குத்தி பயாப்ஸி எடுக்க விடாதே. ஊசித்தடத்தில் செல்கள் சிந்தலாம். பிறகு மாற்றுக் கல்லீரல் வாய்ப்பே போய்விடும். நாளத்துக்குள் தூரிகையால் செல்களைச் சுரண்டிப் பார்க்கும் பிரஷ் சைட்டாலஜியில் புற்று இல்லை என்று வந்தாலும் நம்பாதே, நிறையத் தவறவிடும்.

ஐ.ஜி.ஜி.4 என்ற எதிர்ப்புரதத்துக்கு ரத்தம் அனுப்பினாயா? அதோடு சேர்ந்து வரும் பித்தநாள அழற்சியும் இதே மாதிரிதான் படத்தில் தெரியும். ஆனால் அது ஸ்டீராய்டுக்கு அடங்கிவிடும், பாதிக் கல்லீரலை வெட்ட வேண்டியதில்லை.

அம்மா