சபை சேவைச் சங்கம்: 2025ஆம் ஆண்டுக்கான செயலாளர் அறிக்கை

தலைவர் அவர்களே, போதகர் ஐயா அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, மழையையும் பாராமல் வந்திருக்கும் அங்கத்தவர்களே,

கர்த்தருடைய கிருபையால் இன்னோர் ஆண்டை நிறைவு செய்திருக்கிறோம். வழமையான நிகழ்வுகளை முதலில் சொல்லிவிடுகிறேன். புத்தாண்டு ஆராதனைக்குப் பின் தேநீர் கொடுத்தோம். லெந்து காலத்தில் வீட்டுச் செபக்கூட்டங்கள் நடந்தன. அறுப்பின் பண்டிகை ஏலம் நடந்தது, வாழைக்குலைகள் நல்ல விலைக்குப் போயின. ஓய்வுநாட் பாடசாலைப் பிள்ளைகளின் விளையாட்டுப் போட்டி ஒருமுறை தள்ளிப்போய்ப் பிறகு நடந்தது. நத்தார் கரோல் பவனியும் குறைவின்றி முடிந்தது. உதவிய எல்லோருக்கும் நன்றி.

இனி, இந்த ஆண்டு முழுவதும் என் நேரத்தை எடுத்துக்கொண்ட அலுவலுக்கு வருகிறேன். சென்ற பொதுக்கூட்டத்தில் நான் முன்வைத்து, சிலருடைய ஆட்சேபனைக்கு மத்தியில் நிறைவேறிய தீர்மானம் உங்களுக்கு நினைவிருக்கும். சபையில் யாருக்கு என்ன வரம், அதாவது கர்த்தர் கொடுத்த திறமை, இருக்கிறது, அதை யாருக்காக எந்த நாளில் தரமுடியும் என்று ஒரு பதிவேடு வைப்பது என்பதே அது. ஒரு சீ.ஆர். கொப்பி வாங்கிக் கோடு போட்டு, ஆராதனை முடிந்ததும் வாசலடி மேசையில் வைத்தேன். இளைஞர்கள் அதற்கு ‘வரக் கொப்பி’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். அந்தப் பெயரே இருக்கட்டும்.

ஆட்சேபித்தவர்கள் சொன்னது இதுதான்: வரங்களைப் பகிர்ந்து கொடுக்கிறவர் ஆவியானவர், அதுவும் தம்முடைய சித்தத்தின்படி கொடுக்கிறார், அதைக் கந்தோர் வேலைபோலக் கொப்பியில் எழுதுவது விசுவாசக் குறைவு. இதைச் சொன்னவர்கள் செபத்தில் தரித்திருக்கிறவர்கள், அவர்கள்மேல் எனக்கு மதிப்பு உண்டு. ஆனாலும் என் பதிலை இந்த அறிக்கையில் எழுத்தில் வைக்க விரும்புகிறேன். அப்போஸ்தலர் நடபடிகள் ஆறாம் அதிகாரத்தை வாசியுங்கள். கிரேக்கம் பேசிய விதவைகளுக்கு அன்றாடச் சாப்பாட்டுப் பங்கீடு ஒழுங்காகப் போய்ச் சேரவில்லை என்று முறுமுறுப்பு எழுந்தது. அப்போஸ்தலர் என்ன செய்தார்கள்? செபத்தோடு விட்டுவிடவில்லை. ஏழு பேரைத் தெரிந்தெடுக்கும்படி சபையாரிடம் சொல்லி, அவர்களைப் பெயர் குறித்து அந்த வேலையில் வைத்தார்கள். பந்தியில் பரிமாறும் வேலைக்குக்கூடப் பரிசுத்த ஆவியும் ஞானமும் நிறைந்தவர்களைத்தான் தேடினார்கள். அந்தப் பட்டியலில் முதற்பெயர் ஸ்தேவான். பவுலும் கொரிந்தியருக்கு எழுதும்போது குணமாக்கும் வரங்களையும் பாஷைகளையும் எந்த வரிசையில் சொல்கிறாரோ, அதே வரிசையில்தான் உதவி ஊழியத்தையும் நிர்வாகத்தையும் சொல்கிறார். ஆகவே பெயர் எழுதுவதில் பாவம் எதுவும் இல்லை. எழுதாமல் விட்டதால்தான் இத்தனை வருடமும் எங்கள் வயோதிபர்கள் தனியாகக் கிளினிக்குக்குப் போய்வந்தார்கள்.

கிளினிக் விடயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும். எங்கள் சபையில் பிள்ளைகள் எல்லாம் கனடா, லண்டன், அவுஸ்திரேலியா என்று போய்விட, வளவோடும் நாயோடும் தனித்திருக்கும் தாய் தகப்பன்மார் எத்தனை பேர் என்பது உங்களுக்கே தெரியும். சீனி வருத்தம், பிறஷர், முழங்கால் வருத்தம். யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக் கிளினிக் என்றால் விடிய வெளிக்கிட்டு, நம்பர் எடுத்து, வாங்கில் காத்திருந்து, மருந்தெடுக்க இன்னொரு வரிசையில் நின்று, வீடு வர மத்தியானம் திரும்பிவிடும். வெளிநாட்டிலிருந்து பிள்ளைகள் காசு அனுப்புகிறார்கள். கூடப் போக ஆள் இல்லை.

வரக் கொப்பியில் ஒரு சகோதரி, ‘எனக்கு ஒரு வரமும் இல்லை, செவ்வாய்க்கிழமை மட்டும் ஓய்வு’ என்று எழுதியிருந்தார். சபையில் ஒருநாளும் வாய்திறந்து செபித்தறியாதவர். அவரைத்தான் ஒரு ஆச்சியோடு முதன்முதலில் அனுப்பினேன். மருந்து கைக்கு வந்தபின் ஆச்சி அந்த மருந்துக் கடதாசிச் சரைகளை அப்படியே பையில் போடப் பார்த்திருக்கிறார். எழுத்து தெரியும், ஆனால் அந்தச் சின்ன எழுத்து கண்ணுக்குப் பிடிபடாது. எது விடியற்காலை, எது இரவு என்று பல மாதங்களாகக் குத்துமதிப்பில்தான் போட்டுவந்தாராம். இந்தச் சகோதரி மருந்து கொடுக்கும் யன்னலில் ஒவ்வொன்றையும் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டு வந்து, வாங்கில் இருந்து, பேனையால் சரைகளின்மேல் படம் போட்டார். காலைக்குச் சூரியன், மத்தியானத்துக்குச் சோற்றுக்கோப்பை, இரவுக்குப் பிறை. பக்கத்தில் இருந்த ஒரு அம்மா தன்னுடைய சரைகளையும் நீட்டினார். அவருக்குப் பக்கத்தில் நெற்றி நிறையத் திருநீறோடு இருந்த ஐயாவும் நீட்டினார். எல்லோருக்கும் கேட்டுக் கீறிக்கொடுத்துவிட்டுத்தான் வந்தார். இதை எனக்குச் சொன்னது ஆச்சி. அந்தச் சகோதரி இன்றுவரை வாய் திறக்கவில்லை.

இதைவிடப் பெரிய வரம் எது என்று யாராவது எனக்குச் சொல்லட்டும்.

ஓய்வுபெற்ற ஒரு அண்ணை, அரசாங்கத்தின் நிவாரணக் கொடுப்பனவான அஸ்வெசுமவுக்கு விண்ணப்பங்களும் முறையீடுகளும் நிரப்பிக் கொடுக்கிறார். பிரதேச செயலகத்தில் எந்த மேசைக்குப் போகவேண்டும் என்பதும் அவருக்குத்தான் தெரியும். தச்சுவேலை தெரிந்த தம்பி, விழுந்தெழும்பிய இரண்டு வயோதிபரின் குளியலறைச் சுவரில் பிடித்து நடக்கப் பலகைக் கைபிடி அடித்துக்கொடுத்தார். மரம் மட்டும் எங்கள் செலவு. ஆசரிப்புக் கூடாரத்து வேலைக்காகப் பெசலெயேல் என்ற கைவேலைக்காரனைத் தேவ ஆவியினால் நிரப்பினேன் என்று கர்த்தர் மோசேக்குச் சொன்னது யாத்திராகமத்தில் இருக்கிறது. பொன்னிலும் மரத்திலும் கைவேலை செய்யவே அந்த நிரப்புதல். தச்சனுடைய கையையும் ஆவியின் வரமாக எண்ண எங்களுக்கு ஏன் இத்தனை தயக்கம் என்பது எனக்கு விளங்கவில்லை.

இன்னொன்று. போர்க்காலத்தில் காணாமற்போன மகனை இன்னும் எதிர்பார்த்திருக்கும் ஒரு தாயாரின் வீட்டுக்கு, எங்கள் மூத்த அங்கத்தவர் ஒருவர் வெள்ளி பின்னேரங்களில் போய் விறாந்தையில் இருந்துவிட்டு வருகிறார். முதல் தடவை போனபோது ஆறுதல் வசனங்கள் எழுதிய தாளொன்றைக் கொண்டுபோனாராம். அந்த அம்மா தேநீர் வைத்துக்கொடுத்துவிட்டு மகனுடைய சைக்கிளைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினார். தாள் சட்டைப்பையை விட்டு வெளியே வரவில்லை. அதற்குப் பிறகு அவர் தாள் கொண்டுபோவதில்லை. இரக்கம் செய்கிறவன் உற்சாகத்துடனே செய்யக்கடவன் என்று ரோமருக்கு எழுதப்பட்டிருக்கிறது. அந்த வார்த்தைக்கு எங்கள் மத்தியில் ஒரு முகம் உண்டு. பெயர் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் சொல்லவில்லை.

நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோது கொப்பியின் பயனைச் சந்தேகித்தவர்களும் கண்டார்கள். யாரிடம் பெரிய பானை இருக்கிறது, யாரிடம் லான்ட்மாஸ்ரர் (இருசில்லு உழவு இயந்திரம்) இருக்கிறது, யார் அத்தனை பேருக்குச் சமைக்கக்கூடியவர் என்று தேடித் திரியாமல், ஒரே பின்னேரத்தில் வேலை தொடங்கியது. வெள்ளம் ஏறிய வீட்டுக்காரரில் எங்கள் சபையார் சிலர்தான், மற்றவர்கள் அயலவர்கள். சாப்பாடு எல்லோருக்கும் ஒரே பானையிலிருந்துதான் போனது.

மானிப்பாயில் இருந்துகொண்டு இதையெல்லாம் புதுமை என்று நாங்கள் சொல்லக்கூடாது. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீனுக்கு அப்போது வயது ஏறக்குறைய இருபத்தைந்து. மானிப்பாயில் வைத்தியசாலை தொடங்கியவர் தன் கைத்திறனைத் தன்னோடு வைத்திருக்கவில்லை. எங்கள் ஊர்ப் பிள்ளைகளை வைத்தியராகப் பழக்கினார், பிறகு அந்தக் கல்வியைத் தமிழிலேயே கொடுத்தார், ஆங்கில மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார். 1873இல் அவர் ஊர் திரும்பியபோது, அவரிடம் படித்தவர்கள் இங்கு வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வரம் பெற்றவர் போனபின்பும் அது மற்றவர்களுக்கு உதவவேண்டும் என்றால், போகுமுன் இன்னொருவர் கையில் கொடுத்திருக்கவேண்டும். எங்கள் தச்சுத் தம்பியிடமும் அஸ்வெசும அண்ணையிடமும் பழக இன்றுவரை ஒருவரும் வரவில்லை. அண்ணைக்கு எழுபது தாண்டிவிட்டது.

இனிச் சொல்லப்போவது சிலருக்குக் கசக்கும், ஆனால் அறிக்கையில் இல்லாமல் விடமுடியாது. கொப்பியில் பெயர் எழுதியவர்கள் பலர். அழைத்தபோது வந்தவர்கள் சிலரே, அதுவும் திரும்பத் திரும்ப அதே ஆட்கள். ‘நோயாளரைச் சந்தித்தல்’ என்று வடிவான கையெழுத்தில் எழுதியவர்களுக்குப் போன் எடுத்தால் அடித்துக்கொண்டே இருக்கும். வாட்சப்பில் கேட்டால் கைகூப்பும் படம் வரும், ஆள் வராது. ஒரு செயற்குழுக் கூட்டம், வேண்டிய எண்ணிக்கைக்கு ஆட்கள் (கோரம்) இல்லாமல் கலைந்தது. தலைவரும் பொருளாளரும் நானும் மட்டும் அரை மணித்தியாலம் காத்திருந்தோம். அதே கிழமை கரோல் பயிற்சிக்குக் கதிரை போதாமல் பக்கத்து வீட்டில் வாங்கிப் போட்டார்கள்.

பாடுவதும் வரம்தான், அதைக் குறைத்துச் சொல்ல நான் வரவில்லை. மைக் பிடித்துச் செய்தி கொடுப்பதும் வரம். ஆனால் பிறருடைய பக்திவிருத்திக்கு உதவாத பேச்சைப் பற்றிப் பவுல் என்ன சொன்னார்? அந்நிய பாஷையில் பதினாயிரம் வார்த்தைகளைவிட, மற்றவர்களுக்குப் புரியும்படி ஐந்து வார்த்தைகள் பேசுவதே தனக்கு மேல் என்றார். பாடகர் குழுவிடம் ஒரு வேண்டுகோள்: மாதத்தில் ஒரு ஞாயிறு பின்னேரம், ஆலயத்துக்கு வரமுடியாமல் படுக்கையில் இருப்பவர்களின் வீட்டுக்குப் போய் இரண்டு ஞானப்பாட்டுப் பாடுங்கள். ஓர்கன் தேவையில்லை. அவர்களுக்கு எல்லாப் பாட்டும் மனப்பாடம், தாங்களே கூடப் பாடுவார்கள். இந்த வேண்டுகோளை ஜூன் மாதமே எழுத்தில் கொடுத்திருந்தேன். பதில் இன்னும் வரவில்லை.

கணக்குகளைப் பொருளாளர் வாசிப்பார். சுருக்கமாகச் சொன்னால், வரவும் செலவும் ஏறக்குறையச் சரி, கையிருப்பு சென்ற ஆண்டைவிடக் கொஞ்சம் குறைவு. புயல் நாட்களில் எதிர்பாராத செலவு வந்தது, ஓட்டோக் கூலியும் கூடிவிட்டது. புலம்பெயர்ந்த எங்கள் உறவுகள் கேட்டவுடன் அனுப்பினார்கள், அவர்களுக்கு மனமார்ந்த நன்றி. ஆனால் மாதச் சந்தா நூறு ரூபா என்பது இங்கே இருக்கிற எங்களுடைய பங்கு. அதில் பாதிக்கு மேல் நிலுவையில் கிடக்கிறது. கஷ்டப்படுகிற குடும்பங்களிடம் நாங்கள் கேட்பதில்லை, கேட்கவும் மாட்டோம். அவர்களில் சிலர் தாங்களாகவே ஒழுங்காகக் கட்டுகிறார்கள் என்பதை மற்றவர்கள் அறிந்துகொள்ளட்டும்.

போதகர் ஐயாவுக்கும், பெண்கள் ஐக்கியத்துக்கும், மண்டபத்தைத் துப்புரவாக வைத்திருக்கும் சகோதரருக்கும், கணக்காய்வாளருக்கும் சங்கத்தின் நன்றி உரித்தாகட்டும்.

வரும் ஆண்டைப் பற்றி வெளிப்படையாகவே சொல்கிறேன். இப்போதுள்ள ஆட்களோடு கிளினிக் சேவையை வைகாசி தாண்டிக் கொண்டுபோக முடியாது. அந்தச் சகோதரிக்குப் பேரப்பிள்ளை பிறக்க இருக்கிறது, அவர் கொழும்புக்குப் போகிறார். அவருடைய இடத்துக்கு ஒவ்வொரு செவ்வாயும் இருவர் தேவை. படித்தவராக இருக்கவேண்டும் என்றில்லை, பொறுமையாகக் காத்திருக்கத் தெரிந்தால் போதும். காலை ஐந்தரைக்கு ஓட்டோ ஓட்டக்கூடிய ஒருவர் தேவை. விண்ணப்பம் நிரப்பப் பழக ஒரு இளையவர் தேவை. உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் இருக்கும் பிள்ளைகள் மூன்று நான்கு பேர் இந்த மண்டபத்திலேயே இருக்கிறார்கள், அவர்களுடைய பெற்றோரும் இருக்கிறார்கள். ‘எனக்கு வரம் இல்லை’ என்று சொல்பவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னோடு கதையுங்கள். என்ன செய்யத் தெரியும் என்று நான் கேட்கமாட்டேன், எந்த நாள் ஓய்வு என்று மட்டும் கேட்பேன்.

செயலாளர் பதவிக்கு வேறு பெயர்கள் முன்மொழியப்பட்டால் மகிழ்ச்சியோடு விட்டுக்கொடுப்பேன். வருகிறவர் வரக் கொப்பியைத் தொடர்ந்து நடத்துவார் என்ற உறுதியை மட்டும் பொதுக்கூட்டம் தரவேண்டும். அப்படி யாரும் முன்வராவிட்டால், சபை விரும்பினால், இன்னும் ஓராண்டு செய்ய நான் ஆயத்தமாக இருக்கிறேன்.

கொப்பி இன்று வாசலடி மேசையில் இருக்கிறது. பொருளாளர் பற்றுச்சீட்டுப் புத்தகத்தோடு பக்கத்திலேயே இருப்பார். நிலுவைச் சந்தாவையும் அங்கேயே கட்டலாம்.

இங்ஙனம்,
செயலாளர்