வக்கீல் வேண்டாம்டி

சாட்ஸ்வர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா

அன்புத் தோழிக்கு,

போன வாரம் நீ போனில் அழுததிலிருந்து எனக்கு மனசே சரியில்லை. வீட்டைக் காலி செய்து மூன்று மாதமாகியும் வீட்டுக்காரர் உன் 9,000 ராண்ட் டெபாசிட்டைத் தரவில்லை, வக்கீலுக்குக் கொடுக்கக் காசுக்கு எங்கே போவேன் என்றாய். பதில் சொல்வதற்குள் லைன் அறுந்துவிட்டது.

வக்கீல் வேண்டாம்டி. சின்னத் தொகை வழக்குகளுக்கென்றே இருக்கும் ஸ்மால் கிளெய்ம்ஸ் கோர்ட்டில் வக்கீல் யாருக்காகவும் பேச முடியாது, எதிராளிக்கும் அதே விதிதான். உன்னிடம் சொல்லக் கூச்சப்பட்டு மறைத்துவிட்டேன், போன வருஷம் நானே போய் வந்தேன்.

சமையலறை அலமாரி போட ஒருவரிடம் 21,300 ராண்ட் கொடுத்தேன். பழைய அலமாரியைப் பெயர்த்துக்கொண்டு போனவர் திரும்பவே இல்லை. நான்கு மாதம் அரிசியும் பருப்பும் கட்டிலுக்கு அடியில் இருந்தன. அந்தக் கோர்ட்டில் 20,000 ராண்ட் வரைதான் கேட்கலாம். கிளார்க் சொன்னபடி மீதி 1,300-ஐ விட்டுக்கொடுத்தேன். வயிறு எரிந்தது, ஆனால் அதுவே நல்ல வழி.

முதலில் பணத்தைக் கேட்டு ஒரு கடிதம் எழுதி, 14 நாள் தவணை கொடுக்க வேண்டும். பதிவுத் தபாலில் அனுப்பி அந்தச் சீட்டைப் பத்திரமாக வைத்துக்கொள். பணம் வராவிட்டால் கடிதத்தின் நகலையும் சீட்டையும் கிளார்க்கிடம் கொடு, சம்மன் எழுதித் தருவார். அதை நீயே கொண்டுபோய்க் கொடுத்துக் கையெழுத்து வாங்கலாம். எனக்கு அந்த ஆள் முகத்தில் விழிக்கப் பிடிக்கவில்லை, கட்டணம் கட்டி ஷெரிஃப் என்கிற கோர்ட் அதிகாரி மூலம் அனுப்பினேன்.

விசாரணை அன்று கை நடுங்கியது. அங்கே நீதிபதி இடத்தில் இருக்கும் கமிஷனர் ஒரு வக்கீல்தான், சம்பளம் வாங்காமல் வந்து உட்காருகிறார். குறுக்கு விசாரணை, வாதம் எதுவும் இல்லை, அவரே கேள்வி கேட்கிறார். ரசீது, வாட்ஸ்அப் செய்தி எல்லாவற்றையும் தேதி வாரியாகப் பேரனின் பழைய நோட்டில் ஒட்டியிருந்தேன். ஒவ்வொரு பக்கமாகப் புரட்டியவர், ஆணி பிடுங்கிய ஓட்டைகளோடு இருந்த சுவரின் படத்தில் நின்றார். "மரம் வாங்கியாச்சு, விலை ஏறிப்போச்சு" என்றார் அந்த ஆள். "மரம் வாங்கின ரசீது எங்கே?" என்றார் கமிஷனர். பதிலே இல்லை. அந்த நிமிஷம் என் நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது.

தீர்ப்பு என் பக்கம். பத்து நாளில் கட்டச் சொல்லியும் அவர் கட்டவில்லை. மறுபடி கிளார்க்கிடம் அலைந்து, ஷெரிஃப் அவர் பட்டறை வாசலில் போய் நின்ற பிறகுதான் பணம் வந்தது. அந்த அலைச்சலுக்கும் தயாராக இரு. தீர்ப்பு உனக்கு எதிராகப் போனால் அப்பீலும் கிடையாது, அதனால் காகிதங்கள் பலமாக இருக்க வேண்டும்.

உன் பக்கம் நியாயம் இருக்கிறது. வீட்டில் சேதமும் பாக்கியும் இல்லையென்றால் ஏழு நாளில் டெபாசிட்டை வட்டியோடு தரவேண்டும் என்பது இங்கே வாடகைச் சட்டம். காலி செய்த அன்று வீட்டுக்காரரோடு சுற்றிப் பார்த்துக் கையெழுத்துப் போட்டாயே, அந்தத் தாளைத் தேடி எடு. ஒப்பந்தம், வங்கி ரசீது இரண்டையும் சேர்த்து வை.

சனிக்கிழமை காலை பஸ்ஸில் பீட்டர்மாரிட்ஸ்பர்க் வருகிறேன். உன் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து அந்த 14 நாள் கடிதத்தை இரண்டு பேருமாக எழுதிவிடலாம். தபாலாபீஸ் மூடுவதற்குள் முடிக்க வேண்டும், சமையல் எதுவும் செய்து வைக்காதே.

அன்புடன்,
உன் பழைய பக்கத்து வீட்டுக்காரி