டிராகன் வயிற்றில் ஒரு செருப்பு

அன்புள்ள கயலுக்கு,

நாங்கள் நலம். இனியனுக்குச் சளி விட்டுவிட்டது. லண்டன் குளிரில் காதை மூடிக்கொண்டு போ. வேளைக்குச் சாப்பிடு.

உன் மகனுடைய கதைகள்தான் இப்போது வீட்டுச் செய்தி. பாலர் பள்ளி விட்டதும் தோ பாயோ விளையாட்டுத் திடலில் இருக்கும் டிராகனைப் பார்க்காமல் வரமாட்டான். அதே ஆரஞ்சுத் தலை, அதே மணல். நாம் இருந்த 28ஆம் புளோக் அடுக்குமாடியை இடித்துவிட்டார்கள் என்றால் நம்பவில்லை, டிராகன்தான் தின்றதாம். "அது 1979இல் கட்டியது, தாத்தாவைவிட வயதில் சின்னது" என்றேன். "அதனால்தான் அதற்குப் பல் விழவில்லை" என்று என் வாயைப் பார்த்தான். உன் பாட்டி இருந்திருந்தால் திருஷ்டி சுற்றிப்போட்டிருப்பார்.

போன வாரம் கதை மாறியது. அவன் அப்பாவின் கைப்பேசியும் செருப்பும் டிராகன் வயிற்றில் இருக்கின்றனவாம். அதனால்தான் அப்பா வரவில்லையாம். உன் அம்மா ஞாயிறுதோறும் ஈரச்சந்தையில் வாவல் மீன் வாங்கிக் காத்திருக்கிறாள். மூன்று ஞாயிறாக நாங்களே சாப்பிடுகிறோம். மாப்பிள்ளைக்கு வேலை இருக்கும். நான் எதுவும் கேட்கவில்லை. நீ வேளைக்குச் சாப்பிடு.

அவன் சொன்ன கதையை ஆசிரியை படமாக வரையச் செய்து சுவரில் ஒட்டியிருக்கிறார். நீயோ அன்று வீடியோவில் "பொய் சொல்லாதே" என்று அதட்டினாய். இனி அப்படிச் செய்யாதே. பிள்ளை முகம் சுருங்கிவிட்டது. அதட்டாதே கயல். அந்தக் குரல் என்னுடையது.

உனக்கு அப்போது ஐந்து வயது. இரவில் டிராகன் மீதேறித் தஞ்சோங் பகார் துறைமுகத்துக்குப் போய் அப்பாவைப் பார்த்தேன் என்று எதிர்வீட்டில் சொல்லிவிட்டாய். "பிள்ளையை ராத்திரியில் அங்கேயா கூட்டிப்போகிறீர்கள்?" என்று அவர்கள் கேட்டதும் எனக்கு மானம் போய்விட்டது. பிரம்பை எடுத்தேன். தடுக்க வந்த அம்மாவையும் தள்ளிவிட்டேன். இரவு வேலையில் நான் உன்னைத் தூங்கும்போது மட்டுமே பார்த்த காலம் அது. என்னைப் பார்க்க நீயாக ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறாய். அது எனக்கு இத்தனை வருடம் கழித்து, இவன் செருப்புக் கதை சொன்ன அன்றுதான் உறைத்தது.

அந்த அடிக்குப் பிறகு நீ கதை சொன்னதே இல்லை. எதைக் கேட்டாலும் "ஒன்றுமில்லை அப்பா". போன ஞாயிறும் அதையேதான் சொன்னாய்.

இதையெல்லாம் ஏன் எழுதுகிறீர்கள் என்கிறாள் உன் அம்மா. எழுதிவிட்டேன். இனி பிரம்பு இல்லை, எதிர்வீட்டுக்காரர்களும் இல்லை. இரவு எந்த நேரமானாலும் கூப்பிடு.

இனியன் ஒரு படம் வைக்கச் சொன்னான். டிராகன் வயிற்றில் ஒற்றைச் செருப்புதான் இருக்கிறது. இன்னொன்று எங்கே என்று கேட்டேன். அம்மாவுக்குத் தெரியும் என்றான்.

அன்புடன்,
அப்பா